மருந்தும் பரம்பரையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்வாண்டு விழாவில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றி இளைஞர் ஒருவர் பேசவேண்டுமென மன்றத்தார் எம்மைப் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணவர் நாம், வைத்தியரும் அல்லோம். இந்த அவையிலோ எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களும், எம்மைத் தூக்கி வளர்த்த பெரியோர்களும் வீற்றிருக்கிறார்கள். எனினும், நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எமக்கு முதலில் புத்தகத்தின் வழியாக வந்ததன்று. அது எமது குடும்பத்தின் வழியாக வந்தது. ஆகையால் குடும்பத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

எமது தாய்மாமன் இளமையில் கடற்றொழிலுக்குச் சென்றுவந்தவர். 1991ஆம் ஆண்டு, அவருக்குப் பத்தொன்பது வயதாயிருந்த காலத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல் அவரைப் பற்றியது. நாட்டு நிலைமை கெட்டிருந்த காலமாகையால் வைத்தியசாலைக்குப் போய்வருவது எளிதாயிருக்கவில்லை. அதே காய்ச்சலால் வருந்தித் தேறியிருந்த அயல்வீட்டுக்காரர் ஒருவரிடம் குளிசைகள் மிஞ்சிக் கிடந்தன. “எனக்குச் சுகம் தந்த குளிசை, தம்பிக்கும் குடுங்கோ” என்று அவர் அன்போடு கொடுத்தார். எம் அம்மம்மாவும் அன்போடு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாமாவின் சிறுநீர் வெறுந் தேநீரின் நிறமாயிற்று. நாலாம் நாள் கண்கள் மஞ்சளித்தன. வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் அவரைச் சைக்கிளில் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்த வைத்தியர் நோயைப் பற்றிக் கேட்கும் முன்னர், “என்ன குளிசை குடித்தாய்? யார் தந்தது?” என்றே கேட்டாராம். குளிசை நிறுத்தப்பட்டது, இரத்தம் ஏற்றப்பட்டது, மாமா பிழைத்தார். அந்தக் கேள்வியை எம் தாயார் இன்றும் வைத்தியரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

அந்த மருந்து நல்ல மருந்து. அதைக் கொடுத்தவர் நல்லவர். இருவருக்கும் வந்த நோயும் ஒன்றே. அப்படியாயின் பிழை எங்கே இருந்தது? இந்த வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஒரே மருந்து எல்லா உடலிலும் ஒரே வகையாய் வேலை செய்யாது என்பது நம் முன்னோர் அறியாததன்று. நம் நாட்டு வைத்தியர்கள் நாடி பிடித்து, வாத பித்த சிலேற்பனம் என்று உடற்கூறு பார்த்த பின்னரே மருந்து அளந்தார்கள். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்திலே, வைத்தியன் கருதவேண்டிய அளவுகளைச் சொல்லவந்த வள்ளுவர், நோயின் அளவுக்கு முன்பாக நோயுற்றவனின் அளவையே வைத்திருக்கிறார். அந்த அளவு ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது, எந்த வழியால் வேறுபடுகிறது என்பதை ஆய்ந்து காட்டியது கடந்த எழுபது ஆண்டு விஞ்ஞானம்.

மாமாவுக்குக் கொடுக்கப்பட்ட குளிசையின் பெயர் பிறிமாகுயின். மலேரியாவைப் பற்றி எம்மினும் மூத்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1934–35இல் இத்தீவிலே ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன கொள்ளை அது. பின்னர் டீ.டீ.ரீ. மருந்தடித்து ஒடுக்கியதன் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட நோயாளர் பதினேழு பேர் மட்டுமே. வென்றுவிட்டோமென்று கை தளர்ந்தபோது நோய் மீண்டது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பிடித்தது. நம்முடைய வறண்ட பகுதியில் அதன் வேர் நெடுங்காலம் அறவே அறாமல் இருந்தது. நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்படுமுன் இத்தீவுக்குள்ளே தொற்றிய கடைசி நோயாளர் கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

மலேரியாக் கிருமிகளுள் ஒருவகை, இரத்தத்தில் அழிக்கப்பட்ட பின்னரும் ஈரலில் உறங்கிக் கிடந்து, சில வாரமோ சில மாதமோ கழித்து மீண்டும் எழும் இயல்புடையது. குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். ஈரலில் உறங்குவதைக் கொல்வது பிறிமாகுயின். நம் நாட்டிலிருந்து மலேரியாவை வேரோடு களைவதற்கு உதவிய மருந்துகளுள் அதற்குச் சிறந்த இடமுண்டு. அவ்வாறிருந்தும் அது எம் மாமாவின் இரத்தத்தைக் கரைத்தது.

இதன் காரணத்தைக் கண்டுபிடித்த வரலாறு அமெரிக்காவிலே தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களுக்குப் பிறிமாகுயின் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. சிலருக்கோ செங்குருதிக் கலங்கள் உடைந்து குருதிச்சோகை உண்டாயிற்று. அல்விங் என்பவரின் தலைமையில் ஒரு குழுவினர் இலினோய் மாநிலத்துச் சிறைச்சாலையில் இதை ஆராய்ந்தார்கள். சிறைக் கைதிகளை ஆய்வுக்கு உட்படுத்திய அந்த முறையை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அங்ஙனம் தம் உடலைத் தந்தவர்களை மறந்து இந்த அறிவை மட்டும் எடுத்துக்கொள்வதும் முறையன்று.

அவர்கள் அறிய விரும்பியது இதுவே: குறை மருந்தை ஏற்கும் உடலிலா, இரத்தக் கலத்திலேயா? மருந்து ஒவ்வாத ஒருவரின் செங்குருதிக் கலங்களுக்கு அடையாளமிட்டு, ஒத்துக்கொள்ளும் ஒருவரின் உடலில் ஏற்றி மருந்து கொடுத்தார்கள். ஏற்றிய கலங்கள் உடைந்தன; அவருடைய சொந்தக் கலங்கள் உடையவில்லை. பின்னர் மாற்றிச் செய்து பார்த்தார்கள். ஒத்துக்கொள்பவரின் கலங்கள் ஒவ்வாதவரின் உடலிலும் நலமாகவே இருந்தன. எனவே குறை கலத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. 1956இல் கார்சன் முதலியோர் அந்தக் குறையின் பெயரையும் வெளியிட்டார்கள். செங்குருதிக் கலத்தில் இருக்கவேண்டிய ஜி-6-பீ-டீ என்னும் நொதியம் அவர்களிடம் மிகக் குறைவாயிருந்தது.

நொதியம் என்பது உடலின் இரசாயன வேலைகளை விரைவாக நடத்துகின்ற ஒருவகைப் புரதம். இந்த நொதியத்தின் வேலையைத் துறைமுகத்தில் வாழும் நமக்கு எளிதாகச் சொல்லலாம். கடற்காற்றில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க வர்ணம் பூசுகிறோம். வர்ணம் உரிய உரிய மீண்டும் பூசுகிறோம். செங்குருதிக் கலமோ ஒட்சிசனைச் சுமந்து திரிவதே தொழிலாகக் கொண்டது. ஆகவே அதற்கும் ஒருவகைத் துருப்பிடிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. அதற்கு வர்ணம் பூசிக்கொண்டேயிருக்கும் வேலைக்கு இந்த நொதியம் வேண்டும். பிறிமாகுயின் உடலுக்குள் சென்றதும் கடுங் கடற்காற்று வீசினாற்போல் ஆகிறது. வர்ணக்காரன் இருக்கும் கலம் தாங்கும். இல்லாத கலம் துருவேறி உடையும். உடைந்த கலத்தின் நிறமே மாமாவின் சிறுநீரில் தேநீர் நிறமாய் இறங்கியது.

சாதாரண நாட்களில் இக்குறை உடையோரிற் பெரும்பாலோர் எவ்வித நோயும் இன்றி வாழ்வர். மாமாவும் அன்றுவரை கடலில் வலை இழுத்தவர்தாம். உலகிலே நாற்பது கோடிக்கு மேற்பட்டோருக்கு இக்குறை உண்டென மதிப்பிடுகிறார்கள். மலேரியா மிகுந்திருந்த நாடுகளிலேயே இது மிகுதி. இதற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. பரம்பரைக் குருதிக் குறைகள் சில, மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளிப்பதால் மலேரியா நாடுகளில் நிலைத்து நிற்கின்றன என்ற கருத்தை 1949இல் ஹால்டேன் என்ற பேரறிஞர் முன்வைத்தார். 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர் இவரே. ஜி-6-பீ-டீ குறைவும் அவ்வாறான ஒன்றேயென்று பின்வந்த ஆய்வாளர் காட்டினர். எனவே, நம் முன்னோருட் சிலரைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய அதே இயல்பு, காய்ச்சலுக்குரிய மருந்தின் முன்னே பேரப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறது. இதைக் குறை என்று சொல்வதைவிட ஒரு பழைய கடன் என்று சொல்வது பொருந்தும்.

இனி, கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குச் செல்வோம். இரத்தத்தை விட்டு வேறொரு நோய்க்கும் வருவோம். எம் மாமாவின் கதை ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் விந்தை என்று எவரும் எண்ணிவிடாதிருக்கவே இதைச் சொல்லுகிறோம்.

1956இல் சென்னை சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அதை அமைத்தன. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. சயரோகம் வந்தால் மலைநாட்டுச் சானற்றோரியத்துக்கு அனுப்பவேண்டும், பாலும் முட்டையும் ஓய்வும் வேண்டுமென்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நகரத்து ஏழை மக்கள் தம் நெருக்கமான வீட்டில், தம் வறிய உணவோடு, மருந்தை மட்டும் ஒழுங்காக உட்கொண்டாலே சானற்றோரியத்தில் இருப்பவர்களைப் போலக் குணமடைகிறார்கள் என்று 1959இல் அந்நிலையத்தார் காட்டினார்கள். வீட்டிலிருந்து காசநோய்க்கு மருந்தெடுக்கும் இன்றைய வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு அந்தச் சென்னை ஏழைகள் தந்த சான்று ஒரு பெருங் காரணம்.

அதே நோயாளரிடத்தில் இன்னொன்றும் புலனாயிற்று. சிகிச்சையின் முதுகெலும்பாயிருந்த மருந்து ஐசோநயசிட். ஒரே அளவு ஐசோநயசிட் கொடுத்தபோதிலும், சில மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தால் சிலரிடம் மருந்து பெரும்பாலும் மறைந்திருந்தது. சிலரிடம் நிறைய எஞ்சியிருந்தது. இடைநடுவில் நிற்பவர்கள் சிலரே; மக்கள் இரு கூட்டமாகவே பிரிந்து நின்றார்கள். ஈரலில் உள்ள ஒரு நொதியம் இந்த மருந்தை மாற்றிச் செயலிழக்கச் செய்கிறது. அது விரைந்து வேலைசெய்வோர் ஒரு சாரார்; மெல்ல வேலைசெய்வோர் மறு சாரார். சென்னை நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் மெல்ல மாற்றுவோர். இது தாய் தந்தையரிடமிருந்து வரும் இயல்பு என்பதைக் குடும்பம் குடும்பமாகச் சோதித்து 1960இல் பிரைஸ் எவன்ஸ் முதலியோர் நிறுவினார்கள்.

கந்தளாய்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மழை பெய்து ஒரே அளவு நீர் சேர்ந்தாலும், மதகு அகலமாயிருந்தால் நீர் விரைவில் வடியும். ஒடுக்கமாயிருந்தால் நெடுநாள் நிற்கும். குளிசை என்பது மழை. ஈரல் நொதியம் என்பது மதகு. மழையை மட்டும் அளந்துவிட்டு வயலின் நிலைமையைச் சொல்லிவிட முடியாது.

இதனால் நடைமுறையில் வந்த விளைவுகள் இரண்டு. மெல்ல மாற்றுவோரிடம் மருந்து தேங்குவதால் அவர்களுக்கே கைகால் விறைப்பும் எரிவும் மிகுதியாக வந்தன. அதற்கு விற்றமின் பீ-6 சிறிதளவு சேர்த்துக் கொடுத்தாற் போதுமென்று கண்டார்கள். மறுபுறத்தில், ஏழைகள் நாள்தோறும் நிலையத்துக்கு வரும் சிரமத்தைக் குறைக்க வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, விரைந்து மாற்றுவோர் பின்தங்கினார்கள். அடுத்த வேளை வருமுன் அவர்கள் உடலில் மருந்து நெடுநேரம் இல்லாமலிருந்தது. நாள்தோறும் உட்கொண்டால் இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே, ஒருவர் மெல்ல மாற்றுபவராயிருப்பது நன்மையுமன்று, தீமையுமன்று. மருந்தும் அளவும் வேளையும் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்து அது நன்மையாகவோ தீமையாகவோ ஆகிறது. காசநோய்க் குளிசையை ஆறு மாதமும் ஒழுங்காக விழுங்குமாறு தாதியர் வற்புறுத்துவது வெறும் கண்டிப்பன்று என்பதை இளைஞர்கள் உணரவேண்டும்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி விளக்கத்தை முடிக்கிறோம். சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது, சுவாசக் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்தொன்று ஏற்றப்படுவதுண்டு. சக்சமெதோனியம் என்பது அதன் பெயர். இரத்தத்தில் உள்ள ஒரு நொதியம் அதைச் சில நிமிடங்களுக்குள் உடைத்துவிடும்; நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். அந்த நொதியம் பிறவியிலேயே பழுதுபட்டவருக்கோ சில நிமிடம் சில மணி நேரமாகும். அதுவரை இயந்திரமே அவருக்கு மூச்சூட்டவேண்டும். 1957இல் கனடா நாட்டில் வேர்னர் கலோ என்பவர் இதன் பரம்பரைத் தன்மையை விளக்கினார். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வாழும் வைசிய சமூகத்தாரிடையே இந்நொதியம் அறவே இல்லாதவர்கள் மற்றையோரிலும் மிகுதியாகக் காணப்படுகிறார்கள். கோயம்புத்தூரில் அச்சமூகத்தாரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. நெடுந் தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடித்துவந்ததால், முன்னோர் ஒருவரிடமிருந்த மாற்றம் இருபுறத்தாலும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்வது அங்கே எளிதாயிற்று. இதைச் சொல்வது அவர்களைக் குறைத்துப் பேசவன்று. மச்சான் மச்சாள் மணம் நமக்குள்ளும் வழக்கமாதலால், நம் குடும்பங்களில் எந்த இரகசியம் இருபுறமும் காத்திருக்கிறதென்று நாமும் அறியோம் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

மனிதரின் கலங்களில் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் அவர்களுக்குள் வேறுபடும். அந்த ஒன்று நொதியம் ஒன்றைச் செய்யும் பரம்பரையலகில் விழுந்துவிட்டால், மருந்தின் பலனும் மாறுபடலாம். பரம்பரைக்கும் மருந்துக்கும் உள்ள இத்தொடர்பை ஆராயும் கல்விக்கு 1959இல் வோகல் என்ற ஜேர்மானிய அறிஞர் தனிப்பெயர் சூட்டினார். மருந்துப் பரம்பரையியல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இவ்விடத்தில் இரண்டு தவறான எண்ணங்களை விலக்கவேண்டும்.

முதலாவது, இது இனத்தைப் பற்றிய கதை என்று எண்ணுவது. தமிழருக்கு ஓர் அளவு, முஸ்லிம்களுக்கு ஓர் அளவு, சிங்களவருக்கு ஓர் அளவு என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. சில மாற்றங்கள் சில மக்களிடையே மிகுதி, சிலரிடையே குறைவு என்பது உண்மையே. ஆயினும் சென்னையில் மெல்ல மாற்றுவோரும் விரைந்து மாற்றுவோரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். ஒரே தாய் வயிற்றிலும் பிறந்தார்கள். எம் மாமாவுக்குக் குளிசை ஒவ்வவில்லை. அதே காய்ச்சல் வந்த அவருடைய தம்பிக்கு, பின்னொரு காலத்தில் அதே குளிசை வைத்தியசாலையில் கொடுக்கப்பட்டுச் சுகமானது. திருகோணமலை வைத்தியசாலையில் ஒரே விறாந்தையில் மூவின மக்களும் அடுத்தடுத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். யார் உடலில் எந்த மதகு அகலம் என்பதை அவர்களுடைய பெயரைக் கேட்டு அறிய முடியாது, சோதித்தே அறியவேண்டும்.

இரண்டாவது, மருந்தென்றாலே அஞ்சுவது. வயது, உடல் நிறை, சிறுநீரகத்தின் நிலை, கூட எடுக்கும் பிற மருந்துகள், உணவு, மது என்பனவும் மருந்தின் பலனை மாற்றுகின்றன. பரம்பரை அவற்றுள் ஒன்று. இவ்வுரையைக் கேட்டுவிட்டு யாரேனும் இரத்த அழுத்தக் குளிசையையோ வலிப்புக் குளிசையையோ தாமாக நிறுத்துவாராயின், நாம் பேசாமலே இருந்திருக்கலாம். ஐயமிருந்தால் வைத்தியரைக் கேட்கவேண்டும். நிறுத்துவதும் அவர் சொற்படியே ஆகவேண்டும்.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது என்ன? மன்றத்து இளைஞர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

ஒன்று, ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றவருக்குக் கொடாதிருப்போம். சோற்றைப் பகிரலாம், கறியைப் பகிரலாம். குளிசையைப் பகிர்தல் ஆகாது. அன்றியும், அயல்வீட்டாரிடம் பிறிமாகுயின் மிஞ்சியிருந்ததே அவர் தமது சிகிச்சையை முடிக்கவில்லை என்பதற்குச் சான்று. அவருடைய ஈரலிலும் கிருமி உறங்கியிருக்கலாம்.

இரண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வைப்போம். சாதகக் குறிப்பைப் பெட்டியில் வைத்துப் போற்றும் நாம், எந்த மருந்து யாருக்கு எப்போது ஒவ்வாமற் போயிற்று, என்ன நேர்ந்தது என்பதையும் நாலு வரியில் எழுதிவைத்தல் ஆகாதா? மருந்தின் பெயரையும் ஆண்டையும் எழுதவேண்டும். “ஏதோ வெள்ளைக் குளிசை” என்ற சொல்லால் வைத்தியருக்கு ஒரு பயனும் இல்லை.

மூன்று, சத்திரசிகிச்சைக்குச் செல்லும்போது, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் இடர் வந்ததா என்று வைத்தியர் கேட்டால், பொருட்படுத்தாமல் “இல்லை” என்று சொல்லிவிடாது, பெரியோரைக் கேட்டு விடை சொல்வோம். அவர் கேட்க மறந்தால் நாமே சொல்வோம்.

நான்கு, பிறிமாகுயின் உட்கொள்ளவேண்டி வந்தால், முன்னரே ஜி-6-பீ-டீ இரத்தப் பரிசோதனை செய்வதைப் பற்றிக் கேட்போம். மலேரியா ஒழிந்துவிட்டதே என்று சொல்லலாம். நமது மண்ணில் ஒழிந்தது, உலகில் ஒழியவில்லை. வெளிநாடு சென்று திரும்புவோரிடம் அது இன்றும் இடையிடையே கண்டறியப்படுகிறது. இந்தியாவில் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு வகையொன்று 2016இல் மன்னாரிலும் காணப்பட்டது. நம்முடையதோ கப்பல் வரும் துறை. நம் பிள்ளைகளோ பல நாடு செல்பவர்கள்.

இறுதியாக மீண்டும் எம் குடும்பத்துக்கே வருகிறோம்.

ஜி-6-பீ-டீயின் பரம்பரையலகு தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்தது. ஆணுக்கு அந்நிறமூர்த்தம் ஒன்றே ஆகையால் குறையிருந்தால் வெளிப்படும். பெண்ணுக்கு இரண்டு உண்டு. ஒன்றிலே பழுதிருந்தாலும் பெரும்பாலும் மற்றது ஈடுசெய்யும். ஆகவே மாமாவுக்கு வந்தது அம்மம்மாவிடமிருந்து. அம்மம்மாவுக்குத் தெரியாமலே வந்தது. எம் தாயாருக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால், எமக்கும் அவ்வாறே பாதி வாய்ப்பு. இதைப் படித்த அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டு இரத்தம் கொடுத்துப் பரிசோதித்தோம். குறை எமக்கும் உண்டு.

விடையைச் சொன்னபோது தாயார் அழுதார். தாம் ஏதோ பிழை செய்தவர்போல், “நான்தானே தந்தேன்” என்றார். கண்ணும் மூக்கும் தந்தவரும் அவரே அன்றோ என்று சொல்லித் தேற்றினோம். அறியாதிருந்த மாமாவுக்கு அது உயிராபத்தாயிற்று. அறிந்த எமக்கு அது சட்டைப்பையில் வைக்கும் ஒரு சிறு துண்டுக் கடதாசி மட்டுமே. எந்த வைத்தியரிடம் சென்றாலும் அதை முதலில் காட்டுகிறோம்.

எம் தமக்கையார் இப்போது தாய்மையடைந்திருக்கிறார். அவருக்கும் அது வந்திருக்கக்கூடும். பிறக்கப்போவது ஆண்பிள்ளையாயின் அதற்கும் இருக்கக்கூடும். இக்குறையுள்ள குழந்தைக்குப் பிறந்த சில நாட்களில் செங்கண்மாரி கடுமையாக வரலாம். துணிப்பெட்டியில் போடும் நப்தலீன் பூச்சியுருண்டையின் வாசம் ஏறிய துணியும் அத்தகைய குழந்தைக்குக் கேடு செய்யும். வைத்தியரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. சென்ற வாரம் நாம் வீட்டுக்கு வந்தபோது, எம்மைக் குழந்தையாயிருக்கையில் சுற்றிய பழந் துணிகளை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து, உருண்டைகளை வீசிவிட்டு, மூன்றுமுறை தோய்த்து முற்றத்தில் வெயிலில் காயவிட்டிருந்தார். அம்மம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு துணியாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அன்போடு குளிசை வாங்கிய அதே கைகள்தாம் அவை. அன்று அவரிடம் அன்பு இருந்தது, சொல்லித்தர ஆளில்லை. அந்தக் குறை நம் காலத்தில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது என்பதற்காகவே இங்கு எழுந்து நின்று பேசினோம்.